மீனின் தலை எந்தப் பக்கம்? பறவைப் படத்தைப் படிக்கும் முறை

மீன்கொத்தி ஒன்று அலகில் மீனோடு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. படத்தைத் திறந்ததும் கண் அந்த நீலத்துக்குப் போகும், பிறகு பின்னணியின் வழவழப்புக்குப் போகும், அதற்குள் விரல் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும். கொஞ்சம் நின்று மீனைப் பாருங்கள். மீனின் தலை பறவையின் தொண்டைப் பக்கம் இருந்தால் அதுவே விழுங்கப்போகிறது. தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மீன் வேறொருவருக்கு: வளையில் இருக்கும் குஞ்சுக்கு, இல்லாவிட்டால் இணைக்கு. தலைவழியாகப் போகும் மீனின் துடுப்பு முள்ளும் செதிலும் பின்னோக்கிப் படிந்துகொள்ளும்; வழுக்கிக்கொண்டு இறங்கும். வால்வழியாகப் போனால் விரிந்து தொண்டையில் குத்தும். வாங்குகிற வாய்க்குத் தோதாகக் கொடுக்கிற அலகு மீனைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. இது இனப்பெருக்கக் காலம், பக்கத்தில் எங்கோ கூடோ துணையோ இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு விவரத்திலேயே வந்துவிடுகிறது.

நல்ல பறவைப் படம் எதிலும் இப்படி நாலைந்து சேதிகள் கிடக்கும். எடுத்தவருக்கே தெரியாமல் பதிவானவையும் அதில் உண்டு. அவற்றைப் பொறுக்கி எடுக்க ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது.

பார்ப்பதற்கு முன்

கைபேசித் திரையில் ஓடவிட்டால் எதுவும் கிடைக்காது. கிடைப்பதிலேயே பெரிய அளவுப் படத்தைத் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். சமூக வலைத்தளங்களில் சுற்றும் பிரதி பெரும்பாலும் சுருக்கப்பட்டது. கூடவே வரவேண்டிய படத் தகவலும் அதில் கழன்றுபோயிருக்கும். ஓரம் வெட்டாத மூலப் படம் கிடைத்தால் அதையும் பாருங்கள். வெட்டி எறிந்த ஓரத்தில்தான் பல சமயம் இரண்டாவது பறவை இருக்கும்.

படத் தகவலில் நான்கு எண்கள் போதும்: எடுத்த தேதியும் நேரமும், ஷட்டர் வேகம், லென்ஸின் குவிய நீளம் (மி.மீ.), லென்ஸின் துவாரம் (எஃப் எண்). தேதி பருவத்தைச் சொல்லும், நேரம் வெயிலைச் சொல்லும். ஷட்டர் வேகம் எதை நம்பலாம் என்று சொல்லும். 1/2000 நொடியில் கொக்கின் சிறகு உறைந்து நிற்கும். நொடிக்கு 50 முறைக்கு மேல் சிறகடிக்கும் ஓசனிச்சிட்டின் (ஹம்மிங்பேர்ட்) சிறகு நுனி அதே வேகத்திலும் கலங்கித்தான் தெரியும். அது எடுத்தவரின் பிழை இல்லை. கண் கூர்மையாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் பறவையின் உடல் நிலையாக நின்று சிறகு மட்டும் இயங்கியது என்று பொருள். முழுப் பறவையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது, அல்லது பறவையே நகர்ந்திருக்கிறது.

வால் மங்கியிருக்கிறது, ஃபோகஸ் சரியில்லை என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 600 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் வைத்து 10 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 9 செ.மீ. தான். 5 மீட்டருக்கு வந்தால் அது சுமார் 2 செ.மீ. ஆகிவிடும். தேன்சிட்டின் இரண்டு தோளும் ஒரே படத்தில் கூர்மையாக விழாமல் போக இதுவே காரணம்.

இன்னும் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. தொலைவிலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் முன்னும் பின்னும் நிற்பவை ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். இரண்டு கொக்குகள் மூக்கோடு மூக்கு முட்டுவதுபோலத் தோன்றும் படத்தில் அவற்றுக்கிடையே பல மீட்டர் இருக்கலாம்; கால் படும் நீர்மட்டத்தையும் இரண்டின் கூர்மையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அடுத்தது எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சார் வரிவரியாகப் படிப்பதால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் சிறகு நகர்ந்து, அரிவாள்போல வளைந்து பதியும். எந்தப் பறவைக்கும் அப்படிச் சிறகு கிடையாது.

கண்ணைக் கடைசியில் பாருங்கள்

கண் கூர்மையாக இருக்கவேண்டும் என்பது படம் எடுப்பவர்களின் முதல் விதி. படம் பார்ப்பவர்களுக்கு அதே கண்தான் முதல் பொறி. மனித முகத்தைப் படித்துப் பழகிய நாம் பறவையின் கண்ணிலும் கோபம், சோகம், கம்பீரம் என்று எழுதிவிடுகிறோம். கழுகின் ‘கோபப் பார்வை’ கண்ணுக்கு மேல் புருவம்போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு விளிம்பு. தூங்கப்போகும்போதும் கழுகு அப்படித்தான் முறைக்கும். ஆகவே ஓரங்களில் தொடங்கி, கால், உடல் இறகு, சிறகும் வாலும், அலகு என்று வந்து கண்ணில் முடியுங்கள்.

ஓரத்தில் பார்க்கவேண்டியது காற்று. புல் சாயும் திசை, நீரின் சுருக்கம், மார்பு இறகு படிந்திருக்கிறதா என்பது. பறவை காற்றை எதிர்கொண்டு உட்காரும், எதிர்க்காற்றில் எழும்பும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் இறகு கலைந்து நின்றால் அது இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கிறது, அல்லது அப்படி நிற்க வலுவான காரணம் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

கால் சொல்வது

ஒற்றைக் காலில் நிற்பது ஓய்வு. இன்னொரு கால் வயிற்று இறகுக்குள் வெப்பத்தை மிச்சம் பிடிக்கிறது. இரண்டு காலும் மடங்கி உடல் தாழ்ந்து, பார்வை ஒரே திசையில் நிலைத்திருந்தால் அடுத்த கணம் பறந்துவிடும். எழும்பும் முதல் உந்தல் காலிலிருந்துதான் வருகிறது. மீனோடு பறந்து வரும் விராலடிப்பானின் (மீன் பிடிக்கும் வேட்டைப்பறவை) காலைப் பாருங்கள்: மீனின் தலை முன்னோக்கி இருக்கும், ஒரு காலுக்குப் பின் இன்னொரு கால் பிடித்திருக்கும். குறுக்காகப் பிடித்தால் காற்று தடுக்கும். அதன் வெளிவிரலைப் பின்பக்கமும் திருப்ப முடிவதால் வழுக்கும் மீனை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விரலாகக் கவ்விக்கொள்கிறது. மீனைப் பிடித்த உடனே எடுத்த படத்தில் மீன் குறுக்காகவே தொங்கலாம். அதைத் திருப்பிக்கொள்ள இன்னும் நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இலைக்கோழிக்கு எட்டுக் கால் இருப்பதாகத் தெரிந்தால் கணினி வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலைக்கோழிகளில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெரும்பாலும் ஆண்தான். ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். நீண்ட கால்விரல்கள் மட்டும் கீழே கொத்தாகத் தொங்கும். பெரிதாக்கி எண்ணுங்கள்: தடித்த கால் இரண்டு தகப்பனுடையது, மீதியை இரண்டால் வகுத்தால் உள்ளே எத்தனை குஞ்சு என்பது வந்துவிடும். ஒற்றைப்படையில் வந்தால் ஒரு கால் உள்ளே மடங்கியிருக்கிறது.

உப்பலும் ஒடுக்கமும்

உடல் இறகு உப்பியிருந்தால் குளிர், அல்லது ஓய்வு. நல்ல வெயிலில், பகல் நேரத்தில், கண் பாதி மூடி உப்பிக் கிடந்தால் நோயாக இருக்கலாம். இறகு முழுக்க உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, பறவை மெலிந்துபோனதுபோலத் தெரிந்தால் அது எச்சரிக்கை. ஆந்தைப் படங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். நிம்மதியான ஆந்தை உருண்டையாக இருக்கும். காதுக்குஞ்சம் விறைத்து, உடலை ஒடுக்கி, ஒடிந்த கிளைபோல நெட்டையாக நிற்கும் சின்ன ஆந்தை தன்னை மறைத்துக்கொள்ள முயல்கிறது. அதை ‘போஸ் கொடுக்கிறது’ என்று பாராட்டுவதுண்டு. உண்மையில் எதிரில் நிற்கிறவரைப் பார்த்து அஞ்சியிருக்கிறது.

கொண்டை உள்ள பறவைகளில் அதைத் தனியாகக் கவனியுங்கள். கொண்டலாத்தி தரையில் இரை தேடும்போது கொண்டை மடங்கியிருக்கும். வந்து இறங்கும் கணத்திலும் கிளர்ச்சியிலும் விசிறிபோல விரியும். விரிந்த படம் அழகு, ஆனால் பறவையின் நாளில் அது சில நொடிகள்தான். எல்லோரும் விரிந்ததையே காட்டுவதால், மடங்கிய கொண்டையோடு நேரில் பார்ப்பவருக்கு அடையாளம் பிடிபடாமல் போவதும் நடக்கிறது.

சிறகு, வால்

பறவை இறங்கும் படத்தை அடையாளம் காண நான்கு குறிகள்: உடல் நிமிர்ந்திருக்கும், வால் விசிறியாக விரிந்து கீழே வளைந்திருக்கும், கால் முன்னே நீளும், சிறகின் முன்விளிம்பில் மணிக்கட்டுக்கருகே சிறிய இறகுக் கற்றை ஒன்று தனியாகத் தூக்கி நிற்கும். இந்தக் கடைசிக் குறி கட்டைவிரல் இறகு. வேகம் குறையும்போது சிறகின் மேல் ஓடும் காற்று பிரிந்து பறவை சட்டென்று விழுந்துவிடாமல் அது காக்கிறது. வேகமாக நேர்கோட்டில் பறக்கும் படத்தில் அது படிந்தே இருக்கும், தேடினாலும் கிடைக்காது.

சிறகில் இடைவெளி தெரிந்தால் இரண்டு சிறகையும் ஒப்பிடுங்கள். இடமும் வலமும் ஒரே இடத்தில் இறகு குறைந்து, அங்கே குட்டையான புது இறகு முளைத்திருந்தால் அது வழக்கமான இறகு உதிர்ப்பு. ஒரு பக்கம் மட்டும் கொத்தாகக் காணோம், அல்லது வால் மொத்தமும் இல்லை என்றால் தின்ன வந்த விலங்கிடமிருந்தோ பறவையிடமிருந்தோ தப்பி வந்திருக்கலாம். வாத்துகள் பறக்கும் இறகை ஒரே தவணையில் உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்கமுடியாமல் நாணலுக்குள் பதுங்கும். அந்நாட்களில் ஆண் வாத்தும் மங்கிய நிறத்தில் பெண்போல இருக்கும். ‘பத்துப் பெண் வாத்துகள்’ என்று தலைப்பிட்ட படத்தை அந்தப் பருவத்தில் நம்பாதீர்கள். அலகின் நிறம் பல இனங்களில் உண்மையைச் சொல்லிவிடும்.

விரித்த சிறகுக்கு ஒரே பொருள் கிடையாது. நீர்க்காகம் விரித்துக்கொண்டு நிற்பது உலர்த்த. அதன் இறகு நனையும்படி அமைந்திருப்பதால்தான் மிதப்பு குறைந்து எளிதாக மூழ்க முடிகிறது. தவிட்டுக்குருவியோ மைனாவோ தரையில் சரிந்து, சிறகு பரப்பி, அலகு திறந்து செத்ததுபோலக் கிடந்தால் வெயில் காய்கிறது. புறா ஒரு பக்கம் சாய்ந்து ஒரு சிறகை மட்டும் உயர்த்தினால் வெயிலாகவும் இருக்கலாம், மழையில் குளிப்பதாகவும் இருக்கலாம். இறகில் நீர்த்துளி இருக்கிறதா என்று பாருங்கள். பருந்து இரையின் மேல் குடைபோலக் கவிந்தால் பங்குக்கு வருபவரிடமிருந்து மறைக்கிறது. அந்தப் பங்காளி படத்துக்கு வெளியே எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை அது முதுகு காட்டும் திசையிலிருந்து ஊகிக்கலாம்.

சிறகைத் தாழ்த்தி நடுக்கும் பறவையைக் குஞ்சு என்று உடனே எழுதிவிடுவது வழக்கமான தவறு. குஞ்சு இரை கேட்கும்போது நடுக்கும். பல இனங்களில் பெண் பறவையும் இணையிடம் இரை வாங்கும்போது அதேபோல நடுக்கும். அலகின் ஓரத்தைப் பெரிதாக்குங்கள். மெத்தென்ற மஞ்சள் விளிம்பு, குட்டை வால், தலையில் ஒட்டிய பஞ்சுத் தூவி இருந்தால் குஞ்சு. எதுவும் இல்லாமல் இரண்டும் ஒரே அளவில் இருந்தால் ஜோடி. ஊட்டுவதைவிட வாங்குவது பெரிதாக, வேறு நிறத்தில் இருந்தால் குயில் வகைக் குஞ்சைச் சந்தேகியுங்கள்.

அலகு திறந்திருக்கிறது, அதனால்?

பாடுகிறது என்று எழுதுவதற்கு முன் தொண்டையைப் பாருங்கள். பாடும் பறவையின் தொண்டை புடைத்து, அங்குள்ள இறகுகள் பிரிந்து நிற்கும்; கழுத்து நிமிர்ந்திருக்கும். வெயிலுக்கு மூச்சு வாங்கும் பறவை அலகைப் பாதி திறந்து, சிறகை உடலிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்திருக்கும். எடுத்த நேரம் நண்பகலாக இருக்கும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் தொண்டைத் தோலைப் படபடவென்று அதிர்த்து வெப்பம் தணிக்கும். அலகை முழுக்கப் பிளந்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி அவஸ்தைப்படுவதுபோலத் தெரியும் ஆந்தையோ மீன்கொத்தியோ பஞ்சுருட்டானோ செரிக்காத மிச்சத்தைக் கக்குகிறது. ஆந்தையின் உருண்டையில் எலும்பும் மயிரும் இருக்கும், மீன்கொத்தியுடையதில் மீன்முள், பஞ்சுருட்டானுடையதில் பூச்சி ஓடு.

கூழைக்கடாவின் கழுத்து வாய்வழியே துருத்திக்கொண்டு வருவதுபோன்ற படம் அடிக்கடி பீதியோடு பகிரப்படும். அது சோம்பல் முறிப்பு. தலையைப் பின்னுக்கு வளைத்து அடித்தாடைப் பையைக் கழுத்தின்மேல் போர்த்தி இழுக்கிறது. பூநாரைகளில் ஒன்று இன்னொன்றின் தலைமேல் ரத்தம் சிந்துவதுபோன்ற படமும் அப்படியே. தாயும் தகப்பனும் தொண்டைப் பகுதியில் சுரக்கும் ஊட்டப் பால் சிவப்பாக இருக்கும். அது கீழே நிற்கும் குஞ்சுக்குப் போகிறது. படத்தில் சாம்பல் நிறக் குஞ்சைத் தேடிப் பாருங்கள்.

கூட்டிலிருந்து வெளியேறும் பறவையின் அலகில் வெள்ளைப் பொட்டலம் இருந்தால் அது முட்டையும் இல்லை, இரையும் இல்லை. குஞ்சின் எச்சம் ஒரு சவ்வுப் பையில் வருகிறது, அதைத் தூரக் கொண்டுபோய்ப் போடுகிறது. குஞ்சு உள்ளே உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வெளியிலிருந்து கிடைக்காது.

இப்போது கண். பால்போல வெளுத்த கண்ணைக் குருடு என்றோ ஃபோகஸ் தவறு என்றோ ஒதுக்கவேண்டாம். பறவைக்கு மூன்றாவது இமை உண்டு. குறுக்காக ஓடிவந்து கண்ணைத் துடைத்துக் காக்கும். மீன்கொத்தி நீரில் பாயும்போதும், இரையைக் கிளையில் அடிக்கும்போதும் அது மூடியிருக்கும். படம் எடுப்பவர்கள் இப்படிப் பதிந்ததைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறார்கள். படித்தறிய இவைதான் நல்ல படங்கள்.

ஒரு படம் போதாது

1882-இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து நொடிக்கு 12 படம் வீதம் பறக்கும் பறவைகளை எடுத்தார். சிறகடிப்பின் படிகள் அப்படித்தான் கண்ணுக்குப் பிடிபட்டன. இன்றைய கேமராக்கள் 20, 30 என்று சாதாரணமாக எடுக்கின்றன. வெளிவருவது அதில் ஒன்றுதான். முடிந்தால் முழுத் தொடரையும் கேட்டு வாங்குங்கள். கருந்தோள் பருந்து அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் பத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உடலும் வாலும் அலைபாயும், தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எலியைப் பார்க்க அது வேண்டும். தனிப் படத்தில் இது தெரிய வழியே இல்லை.

இரண்டு மைனாக்களில் ஒன்று மற்றதன் கழுத்தைக் கொத்துகிறது. சண்டையா, சிக்கெடுப்பா? கொத்துப்படுவது தலையைச் சாய்த்து, இறகை உப்பி, கண்ணை மூடிக் காட்டினால் சிக்கெடுப்பு. தன் அலகு எட்டாத தலையையும் கழுத்தையும்தான் இணை கோதிவிடும். சண்டையில் கால் கோக்கும், இறகு ஒட்டியிருக்கும். தொடரில் அடுத்த படத்தில் முறை மாறிக் கோதினால் சந்தேகமே இல்லை.

படம் எடுத்தவரும் படத்தில் இருக்கிறார்

ஆள்காட்டியோ உப்புக்கொத்தியோ ஒரு சிறகைத் தொங்கவிட்டு நொண்டினால் அது காயம் இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். முட்டையிலிருந்தோ குஞ்சிலிருந்தோ எதிரியை இழுத்துப்போக நடிக்கிறது. அந்த எதிரி கேமரா வைத்திருந்தவர். அலகு நிறையப் புழுவோடு ஒரே கிளையில் நின்று கேமராவையே பார்க்கும் பறவையும் அதே புகாரைச் சொல்கிறது: கூட்டுக்குப் போகவேண்டும், ஆள் நிற்பதால் போகமுடியவில்லை. நேரம் பதிந்த தொடரில் அது பல நிமிடம் நீண்டால் அந்த நேரமெல்லாம் குஞ்சுக்கு இரை இல்லை.

கூட்டுப் படத்தில் சுற்றியுள்ள இலைகளைப் பாருங்கள். வெட்டுப்பட்ட காம்பு, வாடிய இலை, குஞ்சின்மேல் நேரடி வெயில் மூன்றும் சேர்ந்தால் மறைப்பை ஒருவர் வெட்டியிருக்கிறார். இறகு முளைக்காத குஞ்சுகள் வரிசையாகக் கிளையில் உட்கார்ந்திருந்தால் அவை தாமாக அங்கே வரவில்லை; விரல்கள் கிளையைச் சுற்றிப் பிடிக்காமல் மேலே கிடப்பதைப் பெரிதாக்கினால் பார்க்கலாம். ஆந்தை கேமராவை நேராக நோக்கித் தாழப் பாயும் படம், அதே இடத்தில், அதே ஒளியில் பலரிடம் இருந்தால் உயிருள்ள இரை வைத்தார்களா என்று கேட்டுவிட்டுப் பாராட்டுங்கள்.

எழுதிவைக்கும் முறை

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் கண்ணால் கண்டது மட்டும், பெயரடை இல்லாமல். இரண்டாவதில் அதிலிருந்து ஊகித்தது. மூன்றாவதில் அந்த ஊகம் தவறாக இருக்க என்ன வழி, அதைத் தீர்க்க என்ன படம் வேண்டும் என்பது. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு ஊகம் முந்திக்கொள்ளும்.

பஞ்சுருட்டான் கம்பியில் அமர்ந்து தேனீயைப் பிடித்திருக்கும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தி: தேனீயின் வயிற்று நுனிக்கருகே அலகு பிடித்திருக்கிறது; தலை ஒரு பக்கம் சாய்ந்து, தேனீ கம்பியில் படுகிறது; சிறகுகள் மடங்கியிருக்கின்றன; கம்பியில் ஒரு சாண் தள்ளி இன்னொரு பஞ்சுருட்டானின் வால் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இரண்டாவது: கொடுக்கின் நஞ்சைத் தேய்த்து வெளியேற்றுகிறது. கொட்டாத தும்பியாக இருந்தால் அடித்துக் கொல்வதோடு நின்றுவிடும், தேய்க்காது. மூன்றாவது: தானே தின்னவா, பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்கவா? தேய்த்து முடித்த பிறகு எடுத்த படம் வேண்டும், ஓரம் வெட்டாமல். தேனீயை மேலே எறிந்து பிடித்தால் விழுங்கியது. அலகு நுனியில் வைத்துக்கொண்டு அந்த வாலின் பக்கம் நகர்ந்திருந்தால் ஜோடி.